ஒட்டன்சத்திரத்தில் ஒரு முகூர்த்தம்

திண்டுக்கல்லிலிருந்து பழனிக்குப் போகிற பஸ்ஸில் இடது பக்கத்து ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால், அன்றைக்கு நீங்கள் நல்ல முகத்தில் விழித்தீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். பழனி மலைத் தொடர் வழித்துணை மாதிரி கூடவே வரும். சில இடங்களில் கிட்டே வந்து எட்டிப் பார்க்கும். சில இடங்களில் மேகத்தைப் போர்த்துக்கொண்டு தூரத்தில் ஒதுங்கி நிற்கும். பாதி வழி போனதும் பஸ் ஒரு குலுக்குக் குலுக்கி நிற்கும். அதுதான் ஒட்டன்சத்திரம்.

பெயரிலேயே சத்திரத்தை வைத்துக்கொண்டிருக்கிற ஊர். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிற காவடிக் கூட்டம் இன்றைக்கும் இந்த ஊரைத் தாண்டித்தான் போகிறது. ஆனால் மற்ற நாட்களில் இங்கே தங்கிப் போகிறவர்கள் மனிதர்கள் அல்ல, காய்கறிகள்! முருங்கைக்காய், தக்காளி, கத்தரிக்காய், பூசணி, பச்சை மிளகாய், மலையிலிருந்து இறங்குகிற சௌசௌ, வாழைத்தார் எல்லாம் இங்கே வந்து ஏலம் போய், லாரி ஏறிக் கேரளத்துக்குப் போகின்றன. பாலக்காட்டுக்கு அந்தப் பக்கம் யார் வீட்டிலாவது நீங்கள் விருந்து சாப்பிட்டால், அவியலில் கிடக்கிற முருங்கைக்காயை விசாரித்துப் பாருங்கள். அநேகமாக நம்ம ஊர்க்காரராகத்தான் இருப்பார்.

அந்தச் சந்தையைப் பற்றி எழுதத்தான் நான் போனேன். ஆனால் எழுதப்போவது வேறொன்றைப் பற்றி. ஆசிரியர் மன்னிக்க வேண்டும்.

சந்தை வாசலில் டீக் குடித்துக்கொண்டிருந்தபோது ஒருவரோடு பேச்சுக் கொடுத்தேன். நாற்பது வயதிருக்கும். எல்லோரும் மூட்டை, முடிச்சு, கூச்சல் என்று பறந்துகொண்டிருக்க, அவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சொந்த லாரி, தாமே டிரைவர். கொச்சி வரைக்கும் லோடு அடிக்கிறவர்.

"உங்கள் லாரி எங்கே?" என்று கேட்டேன்.

"ஆபரேஷன் ஆகிப் படுத்திருக்கு ஸார். முப்பத்தஞ்சு நாளாச்சு. இன்னிக்குத்தான் கண்ணு முழிக்குது. பன்னிரண்டரைக்கு நேரம் குறிச்சிருக்கோம். சும்மா இருந்தா வாங்களேன்" என்றார்.

சும்மா இருப்பதுதானே பத்திரிகைக்காரனின் உத்தியோகம்! கிளம்பிவிட்டேன்.

பழனி ரோட்டில் ஒரு புளிய மரத்தடி. மூங்கில் கால்களின் மேல் தகரக் கூரை. தரையெல்லாம் கருப்பு, அந்தக் கருப்பு எத்தனை வருஷத்து எண்ணெய் என்று சொல்ல முடியாது. அதன் நடுவில் முன்பக்கத்துக் காபினைக் குப்புறக் கவிழ்த்துக்கொண்டு லாரி நின்றது. பக்கத்தில் ஒரு ஸ்டூலில் பித்தளைத் தாம்பாளம், எலுமிச்சம்பழம், கற்பூரம், விபூதி, ஒரு சீப்பு வாழைப்பழம். தாம்பாளத்தைக் காவல் காத்துக்கொண்டு டிரைவரின் தாயார் உட்கார்ந்திருந்தார். ஊரார் எல்லோருக்கும் அவர் ஆத்தா. சற்று நேரத்தில் எனக்கும் ஆத்தாவாகிவிட்டார்.

விஷயம் இதுதான். ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜின். ஓடி ஓடித் தேய்ந்து புகை கக்க ஆரம்பித்துவிட்டது. முழுவதும் பிரித்து, சிலிண்டர்களுக்குப் புது லைனர் இறக்கி, புது பிஸ்டன் போட்டு, கிராங்க் தண்டைக் கடைந்து பாலிஷ் பிடித்து, புது பேரிங் வைத்து, மறுபடி பூட்டியிருக்கிறார்கள். செலவு லட்சத்தைத் தாண்டிவிட்டது. நிதிக் கம்பெனிக்கு மாதத் தவணை ஒரு பக்கம். வண்டி ஓடாத நாளின் நஷ்டம் இன்னொரு பக்கம். அன்று சாயங்காலமே ஒரு லோடு முருங்கைக்காய்க்கு ஒப்புக்கொண்டும் விட்டார் மனிதர்.

"அப்படியானால் சாவியைத் திருப்ப வேண்டியதுதானே பாக்கி?" என்று நான் கேட்டேன்.

அதுவரை இன்ஜினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்த மேஸ்திரி தலையை வெளியே எடுத்து என்னைப் பார்த்தார். அறுபதைத் தொடும் வயது. மூக்குக் கண்ணாடியின் ஒரு காதுக்குக் கம்பிக்குப் பதில் நூல். "ஸாருக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?" என்றார்.

தெரியும். தெரிந்ததால் பட்ட பாடும் தெரியும். அதையும் சொல்லிவிடுகிறேன்.

பல வருஷங்களுக்கு முன் என்னிடம் ஒரு பழைய புல்லட் மோட்டார் சைக்கிள் இருந்தது. அதன் இன்ஜினையும் இப்படிப் பிரித்துப் பூட்டினேன். நான் இல்லை, வேறொரு ஊரில் ஒருவர். எண்ணெய் புதிதாக ஊற்றினார். இரண்டாவது உதையிலேயே இன்ஜின் கிளம்பிவிட்டது. என்ன ஆனந்தம்! அவரைக் கட்டித் தழுவாத குறையாக விடைபெற்று வந்தேன். பத்துக் கிலோமீட்டர் தாண்டுவதற்குள் அடிவயிற்றில் 'டக்... டக்...' என்று ஒரு சத்தம். அப்புறம் 'கட கட'. பிறகு நிசப்தம். ஊற்றிய எண்ணெய் முழுவதும் தொட்டியில் பத்திரமாக இருந்தது. போக வேண்டிய இடத்துக்கு மட்டும் அது போய்ச் சேரவில்லை. பிக் எண்ட் பேரிங் அரைபட்டுப் போயிருந்தது.

இதைக் கேட்டதும் மேஸ்திரிக்கு என்மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது. அடிபட்டவனிடம் வைத்தியருக்கு வருகிற பிரியம். பக்கத்தில் ஒரு டயரை உருட்டிப் போட்டு உட்காரச் சொன்னார்.

உங்கள் வீட்டில் தையல் மெஷின் இருந்தால் இந்தச் சங்கதி சுலபமாகப் புரியும். ஆறு மாதம் மூடி வைத்திருந்த மெஷினில் எண்ணெய் விடாமல் மிதித்துப் பாருங்கள். அது அழுகிற அழுகை தெருக்கோடிக்குக் கேட்கும். மாட்டு வண்டிக்காரருக்கும் இது தெரியும். வைக்கோலைக் கரியாக்கி விளக்கெண்ணெயில் குழைத்த மையை அச்சுக்குப் போடாமல் அவர் சந்தைக்குக் கிளம்பமாட்டார். அந்த விளக்கெண்ணெயைக் குறைவாக எண்ணிவிடாதீர்கள். முதல் உலக யுத்தத்தில் பறந்த விமானங்களில் பலவற்றின் இன்ஜினுக்கு அதுதான் எண்ணெய். 1909இல் 'காஸ்ட்ரால்' என்று பெயர் சூட்டினார்களே, அதுவும் ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததுதான். அந்த விமானங்களின் இன்ஜின் கக்கிய விளக்கெண்ணெய்ப் புகையை விமானிகள் மணிக்கணக்காகச் சுவாசித்தார்கள் என்றும், தரையிறங்கியதும் அவர்கள் எங்கே ஓடினார்கள் என்றும் சொல்வார்கள். விளக்கெண்ணெய் குடித்து வளர்ந்த நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் வண்டி அச்சும் லாரி இன்ஜினும் ஒன்றல்ல. "அச்சுக்கு மை ஒட்டினாப் போதும் ஸார். இங்கே கிராங்க் தண்டு பேரிங்கிலே உட்காரவே கூடாது. எண்ணெய்மேலே மிதக்கணும்" என்றார் மேஸ்திரி.

டன் கணக்கில் பாரம் இழுக்கிற இரும்புத் தண்டு எண்ணெயில் மிதக்கிறதாம்! நம்பச் சற்றுக் கஷ்டமாக இருக்கிறதல்லவா? இங்கிலாந்திலும் முதலில் ஒருவரும் நம்பவில்லை. பீச்சம் டவர் என்ற எஞ்சினியர் ரயில் சக்கரத்து அச்சுகளின் உராய்வை ஆராய்ந்துகொண்டிருந்தார். பேரிங்கின் தலையில் எண்ணெய் விடுவதற்காக ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றதும் எண்ணெய் உள்ளே போவதற்குப் பதில் துளை வழியாக மேலே பொங்கி வந்தது. தக்கையை வைத்து அடைத்தார்; தக்கை தெறித்தது. மரக் கட்டையைச் செருகினார், அதையும் தள்ளிவிட்டது. விடாக்கண்டரான அவர் அழுத்த மானி ஒன்றை மாட்டிப் பார்த்தார். பேரிங்கின் மேல் இருந்த பாரம் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு வீதம். மானியோ 200 பவுண்டையும் தாண்டிப் போய்விட்டது. 1883இல் இதை வெளியிட்டார். மூன்று வருஷம் கழித்து, 1886இல், ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்ற பேராசிரியர் கணக்குப் போட்டுக் காரணம் சொன்னார். சுழலுகிற தண்டு தன்னோடு எண்ணெயை இழுத்துக்கொண்டு போய், குறுகலான இடுக்கில் ஆப்பு மாதிரி செருகுகிறது. அந்த ஆப்பு தண்டையே தூக்கிப் பிடிக்கிறது. தலைமயிர் ஒன்றைப் பத்து இழையாகப் பிளக்க முடிந்தால் அதில் ஓர் இழையின் கனம்கூட இராது அந்த எண்ணெய்ப் படலம். அதன் மேல்தான் கொச்சிக்குப் போகிற முருங்கைக்காய் முழுவதும் சவாரி செய்கிறது.

இதில் ஒரு சிக்கல். தண்டு சுழன்றால்தான் மிதக்கும். சுழல ஆரம்பிக்கிற அந்த முதல் கணத்தில் அது பேரிங்கின் மேல் உட்கார்ந்துதான் இருக்கிறது. நேற்று ஓடி நின்ற இன்ஜினில் நேற்றைய எண்ணெயின் பசையாவது இடுக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். இன்றைக்குச் சாவியைத் திருப்பியதும் அந்தப் பசை ஒன்றிரண்டு விநாடி தாங்கிக்கொள்ளும். அதற்குள் பம்பு எண்ணெயை அனுப்பிவிடும். புதிதாகப் பூட்டிய இன்ஜினில் அந்தப் பசையும் கிடையாது. பம்பில் காற்று. பில்டரில் காற்று. இன்ஜின் உடம்புக்குள் ஓடுகிற எண்ணெய்க் குழாய்களிலெல்லாம் காற்று. பம்பு காற்றை வெளியே தள்ளிவிட்டுத் தொட்டியிலிருந்து எண்ணெயை உறிஞ்சி, பில்டரை நிரப்பி, கடைசிப் பேரிங் வரை கொண்டு போவதற்குள் இன்ஜின் நூற்றுக்கணக்கான சுற்றுச் சுற்றியிருக்கும். என் புல்லட் செத்தது அப்படித்தான்.

ஆகவே மேஸ்திரி என்ன செய்கிறார்?

பூட்டும்போதே ஒவ்வொரு பேரிங் தகட்டிலும் விரலால் எண்ணெய் தடவியிருக்கிறார். குழந்தைக்குத் தலைக்கு எண்ணெய் வைப்பது மாதிரி, நிதானமாக. அதற்கு முன்னால் கிராங்க் தண்டின் துளைகளையெல்லாம் கம்பி விட்டுக் குடைந்து, காற்றடித்துச் சுத்தம் செய்தாயிற்று. கடைசல் பட்டறையிலிருந்து வருகிற தண்டின் துளைக்குள் இரும்புத் தூள் ஒளிந்திருக்கும். எண்ணெய் வரும்போது அதுவும் சேர்ந்து வரும். பம்பின் பல் சக்கரங்களுக்கு நடுவே எண்ணெயை நிரப்பி வைத்திருக்கிறார். வெறும் பம்பு காற்றை மென்றுகொண்டு எண்ணெயை உறிஞ்சாமல் நின்றுவிடுமாம். பில்டரிலும் எண்ணெய் ஊற்றிய பிறகே மாட்டியிருக்கிறார்.

அப்புறம் டர்போ. புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குக் காற்றை ஊதிக் கொடுக்கிற சின்னச் சக்கரம் அது. ஓட்டம் பிடித்தால் நிமிஷத்துக்கு லட்சம் சுற்றை நெருங்கும். அதன் தலைக்கு எண்ணெய் போகிற குழாயைக் கழற்றி, ஒரு குப்பியால் எண்ணெயை ஊற்றி, சக்கரத்தைச் சுண்டுவிரலால் நாலு சுற்றுச் சுற்றிவிட்டார். "இவன் கோபக்காரன். முதல்லே கவனிச்சிடணும்" என்றார்.

பன்னிரண்டு மணி ஆயிற்று. ஆத்தா வாட்சைப் பார்க்கத் தொடங்கினார். அன்று வியாழக்கிழமை, ஒன்றரைக்கு ராகு காலம்.

மேஸ்திரி அவசரப்படவில்லை. இன்ஜினின் உடம்பில் எண்ணெய் மானியின் குழாய் சேருகிற இடத்தைத் திறந்து, அங்கே ஒரு ரப்பர் குழாயைப் பொருத்தினார். அதன் மறு முனையில் கியர் ஆயில் ஊற்றுகிற கைப்பம்பு. பட்டறைப் பையன் பம்பை அடிக்க ஆரம்பித்தான். பதினேழு வயதிருக்கும், வேலைக்கு வந்து ஒரு வருஷந்தான் ஆகிறதாம். முதலில் பம்பு லேசாக இறங்கிற்று. பத்து அடி, இருபது அடி. பிறகு கை கனக்கத் தொடங்கியது. "எங்கே, ஸார் கையிலே கொடு" என்றார் மேஸ்திரி. நானும் அடித்தேன். வாசகர்களே, அது ஒரு விசித்திரமான அனுபவம். கிணற்றில் வாளி தண்ணீரைத் தொட்டு நிறைந்ததும் கயிற்றில் ஒரு கனம் தெரியுமே, அந்த மாதிரி. கண்ணுக்குத் தெரியாத பேரிங்குகள் ஒவ்வொன்றாகக் குடித்து நிறைவதைக் கையே சொல்லிற்று. டிரைவர் முன்பக்கத்து நட்டில் நீண்ட கம்பியை மாட்டி கிராங்க் தண்டை மெல்ல மெல்லத் திருப்பினார். தண்டு திரும்பத் திரும்ப அடைபட்ட துளைகள் திறந்து எண்ணெய் புது இடங்களுக்குப் போகும்.

இன்ஜினின் தலை மூடியைக் கழற்றி வைத்திருந்தார்கள். உள்ளே பன்னிரண்டு ராக்கர்கள். கிணற்று ஏற்றம் மாதிரி ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி, வால்வுகளை அமுக்கித் திறக்கிற சின்னச் சின்னக் கைகள். கீழேயிருந்து கிளம்புகிற எண்ணெய் கடைசியாக வந்து சேருகிற இடம் அதுதான். அங்கே எண்ணெய் தலைகாட்டிவிட்டால் யாத்திரை பூர்த்தி.

முன் பக்கத்து முதல் ராக்கரில் ஒரு பொட்டு எண்ணெய் மின்னியது. அடுத்ததில் ஒன்று. மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. தேன் மாதிரி வழிந்தது. ஆத்தா எழுந்து கற்பூரத்தை எடுத்தார்.

ஏழாவது ராக்கர் காய்ந்தே இருந்தது. எட்டு, ஒன்பது... பன்னிரண்டு வரைக்கும் ஒரு பொட்டுக்கூட இல்லை.

"இன்னும் அடி" என்றார் மேஸ்திரி. அடித்தோம். முன்பக்கம் வெள்ளமாக ஓடிற்று, பின்பக்கம் பாலைவனம். மணி ஒன்றாகிவிட்டது.

"ஓட விட்டா வேகத்துலே வந்துடும் அண்ணே" என்றார் டிரைவர். குரலில் கெஞ்சல். பாவம், அவர் கண்ணுக்கு முருங்கைக்காய்க் கட்டுகள் தெரிந்திருக்க வேண்டும்.

"ஏப்பா மேஸ்திரி, நல்ல நேரம் போகுதே!" என்றார் ஆத்தா.

"போகட்டும் ஆத்தா. நாளைக்கும் ஒரு நல்ல நேரம் வரும்" என்று சொல்லிவிட்டு மேஸ்திரி ஸ்பானரை எடுத்தார்.

பின்பக்கத்து ராக்கர் தண்டு முழுவதையும் கழற்றிக் கீழே துணியில் வைத்தார். அந்தத் தண்டைத் தாங்குகிற குட்டி ஸ்டாண்டுகள் நான்கு. பார்வைக்கு நான்கும் ஒரு தாய்ப் பிள்ளைகள். ஆனால் ஒன்றில் மட்டும் அடியில் ஒரு துளை உண்டு; கீழேயிருந்து எண்ணெய் அந்தத் துளை வழியாகத்தான் தண்டுக்குள் ஏறும். டீசலில் கழுவி எடுத்தபோது அந்த ஸ்டாண்டு இடம் மாறிவிட்டது. துளை இருக்க வேண்டிய இடத்தில் துளையில்லாதது உட்கார்ந்து, எண்ணெய் வழியைப் பாறாங்கல் மாதிரி அடைத்துக்கொண்டிருந்தது.

பூட்டியது பையன். அவன் முகத்தை நான் பார்த்தேன். பிறகு பார்க்க முடியவில்லை. அறை விழும் என்று நானும் எதிர்பார்த்தேன், அவனும் எதிர்பார்த்தான். மேஸ்திரி ஸ்டாண்டை அவன் கையில் கொடுத்தார். "ஊதிப் பாரு" என்றார். ஊதினான். காற்று மறுபக்கம் வந்தது. "இதை எங்கே வைக்கணும்?" வைத்துக் காட்டினான். "மூடறதுக்கு முன்னாடி நான் ஊதிப் பார்த்திருக்கணும்" என்றார் மேஸ்திரி, அவனைப் பார்க்காமல். அவ்வளவுதான்.

மறுபடி பூட்டி, வால்வுகளுக்கு இடைவெளி வைத்து முடிக்க இரண்டே காலாயிற்று. பையனே பம்பை அடித்தான். ஏழாவது ராக்கரில் எண்ணெய் துளிர்த்தது. பன்னிரண்டாவதில் வந்தபோது டிரைவர் கையெடுத்துக் கும்பிட்டார். எந்தத் திசையில் என்றால் பழனித் திசையில்.

இனி கிளப்பலாம் என்றுதான் நான் நினைத்தேன். ஆத்தா விடவில்லை. ராகு காலம் மூன்று மணி வரைக்கும். மேஸ்திரி ஒன்றும் மறுத்துப் பேசாமல் டீ வாங்கி வரச் சொன்னார். ஒருவருடைய சாஸ்திரத்துக்காக இன்னொருவர் ஒன்றரை மணி காத்தார். இப்போது இவர் முறை!

அந்த இடைவேளையில் பழைய கதை பேசினோம். இந்தச் சாலையில் பழனிக்கு அப்பால் ஒரு கதை உண்டு. 1920இல் பழனிக்கும் பொள்ளாச்சிக்கும் நடுவே ஓர் இளைஞர் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துக்கொண்டு தாமே ஓட்டினார். கோயமுத்தூர் ஜி.டி. நாயுடுதான் அவர். ஒரு பஸ் பிறகு பெரிய போக்குவரத்துக் கம்பெனியாயிற்று. அவரும் மோட்டார்களையும் யந்திரங்களையும் பிரித்து ஆராய்ந்து பேர் பெற்றார். "அந்தக் காலத்திலே ஓட்டறவனேதான் மெக்கானிக்கும். ரோட்டிலே நின்னா அவன் கைதான் துணை" என்றார் மேஸ்திரி. டிரைவர் சிரித்தார். அன்று அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

மூன்று மணி அடித்தது. மானியின் குழாயைப் பழையபடி சேர்த்தார்கள். கற்பூரம் காட்டி, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார் ஆத்தா. அப்போதும் மேஸ்திரி நேரே கிளப்பவில்லை. டீசலை நிறுத்துகிற ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். டீசல் இல்லாமல் ஸ்டார்ட்டர் மட்டும் இன்ஜினைச் சுழற்றியது. பத்து விநாடி, ஓய்வு. மறுபடி பத்து விநாடி. கைப்பம்பு வெளியேயிருந்து எண்ணெய் கொடுத்தது சரி, இன்ஜினின் சொந்தப் பம்பு வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டாமா? மூன்றாவது முறை மானியின் முள் ஒரு துள்ளுத் துள்ளி மேலே வந்தது.

"விடு."

ஸ்டாப் கேபிளை விட்டார்கள். இன்ஜின் ஒரு தரம் இருமியது. வெள்ளைப் புகை புளிய மரத்துக் காக்கைகளையெல்லாம் கிளப்பிவிட்டது. பிறகு சீராக ஓடத் தொடங்கியது. எல்லோரும் இன்ஜினைப் பார்த்தார்கள். மேஸ்திரி மட்டும் மானியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முள் நாலு கிலோவில் நின்றது. ஆக்ஸிலரேட்டரை மிதிக்கப் போன டிரைவரின் காலில் ஒரு தட்டுத் தட்டினார்.

ஐந்து நிமிஷம் கழித்து நிறுத்தி, எண்ணெய் அளவுக் கம்பியை இழுத்துப் பார்த்தார். குழாய்களெல்லாம் நிறைந்ததில் அளவு இறங்கியிருந்தது. இன்னும் ஒரு லிட்டர் ஊற்றச் சொன்னார். கசிவு உண்டா என்று அடியில் படுத்துப் பார்த்தார். எழுந்து வந்து, "இன்னிக்கு லோடு வேண்டாம் தம்பி. வெறும் வண்டியா ஓட்டு" என்றார்.

டிரைவர் ஒன்றும் பேசவில்லை. சந்தைக்குப் போன் போட்டு, தம் முருங்கைக்காயை வேறு வண்டியில் ஏற்றச் சொன்னார். சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரமாயிற்று.

எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு லாரி புறப்பட்டது. நானும் தொற்றிக்கொண்டேன். விருப்பாட்சி வரை போய்த் திரும்புவதாக ஏற்பாடு. திப்பு மறைந்த பிறகு வெள்ளையரை எதிர்த்து நின்று, 1801இல் தூக்கு மேடை ஏறிய கோபால் நாயக்கரின் ஊர் அது. மலை வாழைப்பழத்துக்கும் பேர் போனது. ஆனால் டிரைவர் வீரரையும் நினைக்கவில்லை, வாழையையும் பார்க்கவில்லை. ஒரு கண் ரோட்டில், மறு கண் முள்ளில். எதிரே மாலை வெயிலில் மலை மடிப்பு மடிப்பாகச் சிவந்துகொண்டிருந்தது. "நல்லாத்தானே சத்தம் வருது ஸார்?" என்று என்னிடம் மூன்று தடவை கேட்டார். என் புல்லட் கதையை அவரும் கேட்டிருந்தார் அல்லவா? நல்லாத்தான் வருகிறது என்று மூன்று தடவையும் சொன்னேன்.

பஸ் நிலையத்து வாசலில் என்னை இறக்கிவிட்டார். இறங்கிய பிறகும் இன்ஜினை அணைக்கவில்லை. "டர்போ இன்னும் சுத்திக்கிட்டிருக்கும் ஸார். இப்ப நிறுத்தினா பம்பும் நின்னு போகும், அதுக்கு எண்ணெய் கிடைக்காது. கொஞ்ச நேரம் மெதுவா ஓடட்டும்" என்றார்.

திண்டுக்கல் பஸ் வந்துவிட்டது. நான் ஏறி உட்கார்ந்து திரும்பிப் பார்த்தபோதும் லாரி அங்கேயே உறுமிக்கொண்டு நின்றது. காபினுக்குள் அவர் ஸ்டீயரிங்கின் மேல் கவிழ்ந்து மானியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சந்தையிலிருந்து ஒரு லோடு முருங்கைக்காய் அவரைக் கடந்து பழனி ரோட்டில் போயிற்று. அவர் நிமிரவில்லை.